பிடிக்காத ஷார்ட்ஸ் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

காதுக்குள் கேமராவை விட்டு அழுக்கு எடுக்கும் வீடியோக்களை நீங்கள் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஒருநாள் ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது அப்படி ஒன்று வந்து நிற்கும். முகம் சுளிப்பீர்கள். சுளித்தபடியே கடைசிவரை பார்ப்பீர்கள். அந்தக் கட்டி வெளியே வந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமே. மறுநாள் அதே மாதிரி இன்னும் சில வரும். அப்புறம் பரு பிதுக்குவது, குதிகால் தோல் சீவுவது, மாட்டுக் குளம்பு செதுக்குவது என்று ஒரு படையே வந்து சேரும். இதையெல்லாம் எனக்கு யார் அனுப்புகிறார்கள் என்று எரிச்சல்படாதவர்கள் குறைவு.

அனுப்புவது ஒரு கணினி நிரல். அல்காரிதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது எதை வைத்து முடிவெடுக்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால், எந்தப் பொத்தானை அழுத்தினால் பலன் இருக்கும், எதை அழுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதும் விளங்கிவிடும்.

யூட்யூபின் முகப்புப் பக்கத்தில் பத்துப் படங்கள் தெரிந்தால், அதில் ஒன்றைத் தொடுகிறீர்கள். தொட்டது ஒரு தகவல். தொடாமல் விட்ட ஒன்பதும் தகவல்தான். குறுவீடியோவில் இந்தத் தேர்வே கிடையாது. திரை முழுக்க ஒன்று தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது விரலால் மேலே தள்ளுவது மட்டும். எத்தனையாவது நொடியில் தள்ளினீர்கள் என்பதே நிரலுக்குக் கிடைக்கும் முக்கியமான பதில். இந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது டிக்டாக். 2020 ஜூன் 29 அன்று இந்தியா அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. செப்டம்பரில் யூட்யூப் ஷார்ட்ஸின் சோதனைப் பதிப்பு முதன்முதலாக இந்தியாவில்தான் வெளியானது. செயலி போனாலும் அந்த வடிவம் இங்கேயே தங்கிவிட்டது.

பார்க்கும் நேரம் எவ்வளவு வலிமையான தகவல் என்பதை 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை சோதித்துப் பார்த்தது. 100க்கும் மேற்பட்ட தானியங்கிக் கணக்குகளை டிக்டாக்கில் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் சில ஆர்வங்களைக் கொடுத்தார்கள். சோகம், நாய், நடனம் என்று தன் பங்குக்குக் கிடைத்த தலைப்பு வந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் நின்று பார்க்கும், மற்றதைத் தள்ளிவிடும். அந்த நிற்றல் ஒன்றே போதுமானதாக இருந்தது. சில கணக்குகளின் ஆர்வத்தை டிக்டாக் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிடித்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் டிக்டாக்கின் உள் ஆவணம் ஒன்று நியூயார்க் டைம்ஸுக்குக் கிடைத்தது. வீடியோக்களுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்பதற்கு அதில் ஒரு எளிய சூத்திரம் இருந்தது. நான்கு உறுப்புகளின் கூட்டல் அது. நீங்கள் லைக் போட எவ்வளவு வாய்ப்பு, கமெண்ட் எழுத எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள், வீடியோ ஓட எவ்வளவு வாய்ப்பு. இந்த நான்கையும் நிரல் முன்கூட்டியே கணிக்கிறது. ஒவ்வொன்றையும் நிறுவனம் தீர்மானித்த ஒரு எடையால் பெருக்கிக் கூட்டுகிறது. அதிக மதிப்பெண் வாங்கும் வீடியோ உங்கள் திரைக்கு வரும். நடைமுறையில் இருப்பது இதைவிடச் சிக்கலானது என்று அந்த ஆவணமே சொல்கிறது. ஆனாலும் எலும்புக்கூடு இதுதான்.

இந்தச் சூத்திரத்தில் ‘பார்த்தவருக்கு இது பிடித்ததா, பார்த்தபின் நிம்மதியாக இருந்தாரா’ என்பதற்கு நேரடியான இடம் எதுவும் இல்லை. அருவருப்பில் நின்று பார்த்த 30 நொடியும், ரசித்துப் பார்த்த 30 நொடியும் ஒரே எண்ணாகத்தான் உள்ளே போகின்றன. “ச்சீ, இதெல்லாம் ஒரு வீடியோவா” என்று எழுதுவதும் கமெண்ட்தான். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று அளவுகள் மிக முக்கியம் என்றார்: பார்க்கும் நேரம், லைக், அப்புறம் இன்னொருவருக்கு அனுப்புவது. அப்படியென்றால் ஒரு அபத்தமான ரீலை “இதைப் பார்த்தியா கொடுமையை” என்று இன்ஸ்டாகிராமிலேயே தோழிக்கு அனுப்புவது, அந்த ரீலுக்கு நாம் போடும் மிக வலுவான ஓட்டு.

நிறுவனங்களுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. பார்த்த வீடியோவுக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று யூட்யூப் அவ்வப்போது கேட்கிறது. 4 அல்லது 5 கிடைத்தால்தான் அதைப் பயனுள்ள பார்வை நேரமாக எடுத்துக்கொள்கிறோம் என்று 2021இல் அவர்கள் விளக்கினார்கள். நல்ல முயற்சி. ஆனால் அந்தக் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்வதில்லை. பதில் சொன்னவர்களை வைத்து, சொல்லாதவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அதையும் நிரல்தான் கணிக்கிறது. அந்தக் கேள்வி கண்ணில் பட்டால் தள்ளிவிடாதீர்கள், நேர்மையாக நட்சத்திரங்களைப் போட்டுவிட்டுப் போங்கள் என்பது என் ஆசை.

சரி, கோடிக்கணக்கான வீடியோக்களில் இருந்து உங்களுக்கான ஒன்றை எப்படிப் பொறுக்குகிறார்கள்? கூகுள் பொறியாளர்கள் மூவர் 2016இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக விளக்குகிறது. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம், பல லட்சம் வீடியோக்களைச் சில நூறாக வடிகட்டுகிறது. இரண்டாவது கட்டம், அந்தச் சில நூறையும் நிதானமாக மதிப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு வீடியோவும் எண்களின் பட்டியலாக மாறுகிறது. அந்தக் கட்டுரையின் சோதனைகளில் ஒரு வீடியோவுக்கு 256 எண்கள். ஒரே ஆட்கள் அடுத்தடுத்துப் பார்க்கும் வீடியோக்களின் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி அமைந்துவிடும். காது அழுக்கும் குளம்பு செதுக்கலும் பக்கத்துப் பக்கத்து வீடாவது இப்படித்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நிரலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றில் நின்றவர்கள் மற்றதிலும் நின்றிருக்கிறார்கள், அவ்வளவே.

நீங்களும் அதே மாதிரி ஓர் எண் பட்டியல்தான். அது எதிலிருந்து செய்யப்படுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். அந்தச் சோதனைகளில், ஒருவர் கடைசியாகப் பார்த்த வீடியோக்களில் 50, கடைசியாகத் தேடியவற்றில் 50 என்று எடுத்துச் சராசரி கண்டு, கூடவே வயது, ஊர் போன்ற சிலவற்றைச் சேர்த்தார்கள். இன்றைய அமைப்பு வெகுவாக வளர்ந்துவிட்டது என்றாலும், சமீபத்திய வரலாறே மூலப்பொருள் என்பதில் மாற்றமில்லை. டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் 2022இல் வெளியிட்ட மோனோலித் என்ற அமைப்பில், பயனர்கள் இப்போது செய்வது சில நிமிடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே வீடியோக்களின் ரகம் மாறுவதை நாம் உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் இதனால் ஒரு தனிச் சிக்கல் வருகிறது. ஒரே போனில் காலையில் தாத்தா ராசிபலன் பார்க்கிறார், மதியம் அம்மா கோலம் பார்க்கிறார், சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சாயங்காலம் அதே போனில் கார்ட்டூன் ஓடுகிறது. நிரலைப் பொறுத்தவரை இவர்கள் மூவரும் ஒரே ஆள். மூன்றின் சராசரியாக வருவது யாருக்குமே பிடிக்காத வீடியோவாக இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. குழந்தைக்கு யூட்யூப் கிட்ஸ் செயலியைத் தனியாகப் போட்டுக் கொடுப்பது, பெரியவர்களின் பட்டியலையும் காப்பாற்றும், குழந்தையின் கண்ணில் படக்கூடாதது படுவதையும் குறைக்கும்.

இப்போது பொத்தான்களுக்கு வருவோம். வீடியோவின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் ‘நாட் இன்ட்ரஸ்டட்’ வரும். பலரும் அதைப் பலமுறை அழுத்திவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று கைவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் மொஸில்லா அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட ஆய்வில் 22,722 பேர் தங்கள் யூட்யூப் பரிந்துரைகளைப் பதிவுசெய்ய ஒப்புக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொன்னதற்கு ஒத்த வீடியோக்கள் பின்னர் எவ்வளவு வந்தன என்று, எந்தப் பொத்தானும் அழுத்தப்படாத குழுவோடு ஒப்பிட்டார்கள். ‘நாட் இன்ட்ரஸ்டட்’ தடுத்தது 11 சதவீதம். டிஸ்லைக் 12 சதவீதம். பார்த்த வரலாற்றிலிருந்து நீக்குவது 29 சதவீதம். ‘டோன்ட் ரெகமெண்ட் சேனல்’ 43 சதவீதம். இது ஷார்ட்ஸுக்கென்று தனியாகச் செய்த ஆய்வு இல்லை. ஒரு தலைப்பையே முழுதாக வடிகட்டுவது இந்தப் பொத்தான்களின் நோக்கம் இல்லை என்று யூட்யூபும் பதில் சொன்னது. அப்படியிருந்தும் இந்த வரிசை எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிகிறது.

முதல் பொத்தான் ஏன் இவ்வளவு பலவீனம்? ட்விட்டர் 2023இல் தன் பரிந்துரை நிரலின் எடைகளை வெளியிட்டது. குறுவீடியோ தளம் இல்லையென்றாலும் கணக்குப் போடும் முறை அதே குடும்பம். ஒரு பதிவுக்கு நீங்கள் பதில் எழுதும் வாய்ப்புக்கு 13.5 என்ற எடை. ‘இதைக் குறைவாகக் காட்டு’ என்பது போன்ற எதிர்ப்புக்கு மைனஸ் 74. பார்த்தால் எதிர்ப்பு பல மடங்கு வலுவானதுபோல இருக்கிறது. ஆனால் எடையை வாய்ப்பால் பெருக்க வேண்டும். எதிர்ப்புப் பொத்தானை மக்கள் அபூர்வமாகத்தான் அழுத்துகிறார்கள். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்: மைனஸ் 0.074. அதே பதிவுக்குக் கோபத்தில் பதில் எழுத நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால்: 0.135. கூட்டினால் இன்னும் லாபத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை வேண்டாம் என்று சொல்வது, அடுத்தமுறையும் சொல்வீர்கள் என்ற கணிப்பைக் கொஞ்சம் உயர்த்துகிறது. அவ்வளவுதான் அதன் பலம்.

வரலாற்றிலிருந்து நீக்குவது வேறு வகை. அங்கே மூலப்பொருளையே எடுத்துவிடுகிறீர்கள். அந்தக் காது வீடியோ பட்டியலில் இல்லையென்றால் அதன் பக்கத்து வீடுகளுக்கு நிரல் போவதற்கான காரணம் குறைகிறது. யூட்யூபில் உங்கள் பக்கத்தில் இருக்கும் ஹிஸ்டரியைத் திறந்தால் பார்த்த ஷார்ட்ஸ் தனி வரிசையாகத் தெரியும். மூன்று புள்ளியைத் தொட்டு ஒவ்வொன்றாக நீக்கலாம். இதைச் செய்தால் பலன் அதிகம். ஒரே சேனலிலிருந்து தொல்லை வருகிறது என்றால் மட்டும் சேனலைத் தடுக்கும் பொத்தான் போதும். ஒரே வீடியோவை நூறு சேனல்கள் வெட்டி ஒட்டும் ரகத்துக்கு அது போதாது.

எல்லாவற்றையும்விடச் செலவில்லாத வழி, வேண்டாதது என்று தெரிந்த முதல் நொடியிலேயே தள்ளிவிடுவது. திட்டுவதற்காகக்கூட நிற்கக் கூடாது. மூன்று புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் பின்னால் வீடியோ ஓடிக்கொண்டேதான் இருக்கிறது என்பதால், இலேசாக எரிச்சலூட்டும் ஒன்றுக்குப் பொத்தானைத் தேடுவதைவிட விரலைத் தள்ளுவதையே நான் விரும்புவேன். ஆபத்தானது, வெறுப்பைத் தூண்டுவது, குழந்தைகளை மோசமாகக் காட்டுவது என்றால் நின்று ரிப்போர்ட் செய்யத்தான் வேண்டும். அங்கே பட்டியலைப் பற்றி யோசிக்கக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் அவ்வப்போது சம்பந்தமில்லாத ஒன்று வரத்தான் செய்யும். தெரிந்த ருசியை மட்டுமே காட்டினால் உங்களுக்குப் புதிதாக எது பிடிக்கிறது என்று நிரலுக்குத் தெரியாமலே போகும். புதிய வீடியோவும் யார் கண்ணிலும் படாது. அதனால் நிரல் வேண்டுமென்றே சிலவற்றைத் தூவிப் பார்க்கும். ஒரு தூவலைத் தள்ளிவிட்டால் அதோடு முடிந்தது. நின்றுவிட்டால் அது ஆரம்பம்.

முழுதாகவே வெளியேற வழி இருக்கிறதா? யூட்யூபில் பார்த்த வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்திவிட்டால், 2023 ஆகஸ்டிலிருந்து முகப்புப் பக்கம் பரிந்துரை இல்லாமல் காலியாகவே நிற்கும். தேடிப் பார்ப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் காட்டும் ‘ஃபாலோயிங்’ பக்கம் 2022 முதல் உண்டு. முகப்பில் வரும் பரிந்துரைப் பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்திவைக்கவும் அமைப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பயனரைப் பற்றித் திரட்டிய தகவல்களை வைத்துப் பொறுக்காத ஒரு பரிந்துரை முறையையும் பெரிய தளங்கள் கட்டாயம் தர வேண்டும் என்ற சட்டம் 2023 ஆகஸ்டில் அவற்றுக்குப் பொருந்தத் தொடங்கியது. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதே வடிவத்தை இங்கே சோதித்துப் பார்த்த நிறுவனங்கள், அதிலிருந்து விலகும் வசதியையும் இங்கே தரட்டும்.

நிறுத்த மனமில்லாதவர்கள் பரிந்துரைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். டிக்டாக் 2023இல் அந்த வசதியைக் கொண்டுவந்தது, இன்ஸ்டாகிராம் 2024 நவம்பரில் சோதிக்க ஆரம்பித்தது. யூட்யூபில் வரலாற்றை அழிப்பதே அதற்குச் சமம். அழித்த பிறகு வரும் முதல் சில நாட்களில் கவனமாக இருங்கள். பட்டியல் காலியாக இருப்பதால் நிரல் எல்லாத் திசையிலும் தூவும், எந்த ஒரு நிற்றலும் வழக்கத்தைவிடக் கனமாக விழும். அந்த நாட்களில் ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டு காத்திருக்காமல், உங்களுக்கு வேண்டியதைப் பெட்டியில் எழுதித் தேடுங்கள்: மாடித் தோட்டம், கர்நாடக இசை, சதுரங்கம், எதுவானாலும் சரி. நான்கைந்து வீடியோக்களை முழுதாகப் பாருங்கள், பிடித்த சேனல்களுக்கு சப்ஸ்கிரைப் செய்யுங்கள். தேடலும் அந்தப் பட்டியலுக்குள் போகிறது, அதில் நீங்களே விரும்பி எழுதித் தருவது அது ஒன்றுதான்.