ஓக் மரச்சட்ட வீட்டுக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

இந்த மாதமும் ஒரு வீடு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், 1500-க்கு முன் கட்டப்பட்ட மேனர் (நிலப்பிரபுவின்) பண்ணை வீடு. வெளிப்புற சிமெண்ட் பூச்சைப் பெயர்த்தோம். சுவரின் அடியில் கிடையாகக் கிடந்து வீட்டையே தாங்கும் ஓக் மர அடிச்சட்டம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. “மழை உள்ளே இறங்கக் கூடாதென்றுதான் பூசினோம்” என்றார் உரிமையாளர். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சிமெண்ட் மழையைத் தடுக்காது, சுவருக்குள் பிடித்துவைக்கும். இவை ஓக் சட்டங்களுக்கிடையே குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள். பருவத்துக்குப் பருவம் மரம் சற்றே அசையும். சுண்ணாம்பு அதற்கு ஓரளவு இடம் கொடுக்கும். நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடும். விறைத்த சிமெண்டோ மயிரிழையாக வெடிக்கும். அதன் வழியே இறங்கும் நீருக்கு வெளியேற வழியில்லை. மரம் உளுத்துப்போகிறது, வண்டு ஏறுகிறது. இன்று நாம் பூசும் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இந்த வீடுகள் அது இல்லாமல்தான் நின்றன.

ஈரத்தை அளக்கும் ஈரமானியைச் சுவரில் குத்தி, அதன் விளக்கு எரிந்ததும், ஈரம் ஏறாமலிருக்கச் சுவருக்குள் ரசாயன ஊசி போடச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். சுவரில் உப்பு இருந்தாலும் அந்த விளக்கு எரியும்.

கூரைக்குள் ஏறிப் பார்த்தால் கைமரங்கள் கரியேறிக் கிடக்கும். அழுக்கு என்று தயவுசெய்து தேய்த்துவிடாதீர்கள். முதலில் இவ்வகை வீடுகளில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தீ மூட்டினார்கள், புகை கூரை வழியே போனது. புகைபோக்கியும் மாடித்தளமும் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில் நுழைத்தவை. அந்தக் கரியும், பொருத்துகளில் தச்சர்கள் கீறிய அடையாளக் குறிகளும்தான் வீட்டின் வரலாற்றுக்குச் சாட்சி. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் இரண்டும் போய்விடும்.

இப்படி ஒரு வீட்டை வாங்கும் முன்பே, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிச் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் செய்ததைச் சரிசெய்யும்படி உங்களுக்கும் நோட்டீஸ் வரலாம்.

சுவரோரம் மேடிட்ட மண்ணை அடிச்சட்டத்துக்குக் கீழே வரும்வரை வெட்டி எடுங்கள். இலையுதிர்ந்ததும் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்பு வேலையை உறைபனிக்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். சிமெண்ட் பூச்சு ஏற்கெனவே இருந்தால், நீங்களே உளியை எடுக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை அழைத்து, ஒரு மூலையை மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.