கையெழுத்து வேறு, வனப்பெழுத்து வேறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேலிகிராஃபி வகுப்புக்குப் போயிருந்தேன், எழுத்தையே அழகாகத் தீட்டுகிற கலை அது. நோட்டீஸில் 'கையெழுத்துக் கலைப் பயிற்சி' என்று போட்டிருந்தார்கள். மேசை மேல் தட்டை நிப் பேனாக்களும் மைப்புட்டிகளும் இருந்தன. ஒரு அம்மா ஏழாம் வகுப்புப் பையனை நாலு கோடு நோட்டோடு கூட்டி வந்திருந்தார். "கையெழுத்தாலயே மார்க் போகுதுங்க, பரீட்சைக்குள்ள திருந்திடுமா?" என்று கேட்டார். இது அந்த வகுப்பு இல்லை என்றதும் முகம் வாடி, பையனோடு திரும்பிப் போனார். அவர் மேல் தப்பே இல்லை. நோட்டீஸில் இருந்த சொல்தான் தப்பு.

கேலிகிராஃபி கிரேக்கச் சொல். 'கல்லோஸ்' என்றால் அழகு, 'கிராஃபைன்' என்றால் எழுதுதல். சீனர்கள் இதை 'ஷூஃபா' என்கிறார்கள், எழுதும் முறை என்று பொருள். ஜப்பானியருக்கு 'ஷொடோ', எழுதும் நெறி. எதிலும் 'கை' இல்லை. நாம் மட்டும் எங்கிருந்து கொண்டுவந்தோம்?

தமிழில் கையெழுத்து ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. "கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்பது ஒன்று. "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பது இன்னொன்று. மூன்றாவது சுமையையும் அதன் தலையில் ஏற்றினால் எது எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் விளங்காது.

குழப்பம் மட்டுமல்ல, கையெழுத்தும் கேலிகிராஃபியும் அடிப்படையிலேயே வேறு. கடிதம் எழுதும்போது மனம் விஷயத்தில் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். வனப்பெழுத்தில் (கேலிகிராஃபியை நான் இப்படித்தான் சொல்வேன்) மனம் முழுக்கக் கோட்டில் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இக்கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். அவர் வகுத்த 'அடிப்படை எழுத்து' என்ற பாணியில் நிப்பை 30 பாகை சாய்வில் பிடிக்க வேண்டும். எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு. அதே சாய்வில் நம் 'ப'வை எழுதிப் பாருங்கள். அழுத்தாமலே இறங்குகோடு தடிக்கும், அடிக்கோடு மெலியும். சாய்வு கொஞ்சம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூச்சை மெதுவாக விட்டபடிதான் கோட்டை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் அன்றைய அலுவலகப் பேச்செல்லாம் மறந்துபோகிறது. கையெழுத்துத் திருத்த நோட்டில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சரி, வேறு சொற்கள்? 'எழுத்துக்கலை' என்றால் கதை எழுதக் கற்றுத்தருவார்கள் என்று நினைப்பார்கள். 'சித்திர எழுத்து' எகிப்தியரின் பட எழுத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. 'அழகெழுத்து' பரவாயில்லை, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் வனப்பெழுத்தே ஒரு படி மேல். தொல்காப்பியம் செய்யுளுக்கு எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அந்த எட்டில் அழகும் ஒன்று. பல உறுப்புகள் ஒன்றுதிரண்ட இடத்தில் பிறக்கும் அழகே வனப்பு என்று உரையில் விளக்கம் இருக்கிறது. வனப்பெழுத்தும் அப்படித்தான். ஒற்றை எழுத்து அழகாக இருந்து பயனில்லை. இடைவெளி, வரி, ஓரம் எல்லாம் சேர்ந்து பக்கம் அமைய வேண்டும். 'கலை' என்ற வாலும் வேண்டாம். கண்ணுக்கு மை தீட்டுவதையும் 'எழுதுங்கால்' என்றுதான் குறள் சொல்கிறது. 'எழுது' என்பதிலேயே தீட்டுவதும் இருக்கிறது.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது. இதே பொழுதுபோக்குக்கு ஒரு விளம்பரம் பார்த்தேன்: 'மனதைத் தளர்த்தும் கையெழுத்துக் கலை'. மனம் தளர்ந்தால் ஆள் சோர்ந்துபோய்விட்டான் என்று அர்த்தம். மனத்துக்கு இதம், மனசு லேசாகும், இளைப்பாறல் என்று எத்தனை இருக்கிறது நம்மிடம்! வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால்கூடப் போதும்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "வனப்பெழுத்துன்னு போட்டா யாருக்குப் புரியும்?" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் அச்சில் அடிக்காமல், தட்டை நிப்பில் உங்கள் கையாலேயே பெரிதாக எழுதிப் போடுங்கள், பார்க்கிறவருக்குப் புரியும் என்றேன்.