லென்ஸை எத்தனை மணிக்குக் கழற்றத் தோன்றுகிறது?

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களிடம் "லென்ஸ் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலோர் "பரவாயில்லை டாக்டர்" என்றுதான் சொல்கிறார்கள். அதோடு விட்டுவிட்டால் உண்மை வெளியே வராது. காலையில் மாட்டியதை எத்தனை மணிக்குக் கழற்றத் தோன்றுகிறது என்று நான் கேட்கிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் பெண், அதுவரை குறையே இல்லை என்றவர், இந்தக் கேள்விக்குச் சட்டென்று "மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே" என்றார். வறண்ட ஏர்கண்டிஷன் காற்றில் நாள் முழுவதும் நுண்ணோக்கி வேலை. உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறையும், கண்ணீர்ப் படலம் உலரும். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள். ஒரே ஜோடியை மாதம் முழுக்கப் போடும் மாத லென்ஸில் படிந்த அழுக்கு கண்ணுக்கு ஒவ்வாததன் அடையாளம். லென்ஸை நிறுத்திச் சொட்டு மருந்து கொடுத்தோம். ஆறிய பிறகு, அன்றன்று எறிந்துவிடும் தினசரி லென்ஸுக்கு மாற்றினோம். வேலைக்குக் கண்ணாடி, கோயிலுக்கும் விசேஷத்துக்கும் லென்ஸ் என்று அவரே பிரித்துக்கொண்டார்.

தினசரி லென்ஸுக்குச் செலவு கூடும். அதைப் பேசாமல் அனுப்பினால் ஒரு நாள் லென்ஸை ஒரு வாரம் ஓட்டுவார்கள். கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் சிலிண்டர் பவர் இருந்தால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ், நாற்பதைத் தாண்டி எழுத்து மங்கினால் தூரமும் கிட்டவும் தெரியும் மல்டிஃபோக்கல் என்று வழிகள் உண்டு. 1999இல் சந்தைக்கு வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் கருவிழிக்கு ஆக்சிஜனைத் தாராளமாக விடுகின்றன. ஆனாலும் இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் உறுத்தும். அங்கே முதல் வைத்தியம் வெதுவெதுப்பான ஒத்தடம்.

என்னை உண்மையாகவே கலங்க வைப்பவை தீபாவளிக்கு முன் இரவுச் சந்தையில் வாங்கும் நிற லென்ஸ்கள். பவர் இல்லாவிட்டாலும் அளவெடுத்துப் போட வேண்டிய பொருள் அது. மலேசியாவின் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி, பதிவு பெற்றவர்களே லென்ஸ் வழங்க வேண்டும். அக்காவும் தங்கையும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதையும் பார்க்கிறேன்.

குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு குளிக்கவோ பத்து பெரிங்கி கடலில் இறங்கவோ வேண்டாம். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியில் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையே போகலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். லென்ஸையும் அதன் பெட்டியையும் எறியாமல் கொண்டுவாருங்கள்; எந்தக் கிருமி என்பதை அவற்றிலிருந்தும் கண்டுபிடிக்க முடியும்.