ஆயில் லைட் எரிந்த பிறகு 20 கிலோமீட்டர்

போன வாரம் ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் சீஸ், அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினால், அடியில் நின்ற ஆயிலில் ஜரிகைத் தூள் போல உலோகம் மினுங்குகிறது. பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டில் சுற்றும் இடத்தில் இருக்கும் கன்னெக்டிங் ராட் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் வெளியே தெரிந்தது. "லைட் எரிஞ்சுது. போன மாசம்தானே ஆயில் மாத்தினோம், இன்னும் 20 கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டேன்" என்றார் வண்டிக்காரர். இதே பதிலை இந்த வருடம் எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்!

மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டி போன்ற அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்கிறது. ஆயில் நிறைய இருந்தாலும் பம்ப் பழுதானால், வடிகட்டி அடைத்தால் அது எரியும். மறுபக்கம், ஆயில் குறைந்துகொண்டே வந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும்வரை எரியாமலே இருக்கும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ ஒரு கணம் மினுக்கிவிட்டு அணைந்தால், "சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போயிருக்கிறது.

எரிந்தால் ஓரம்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். சமதரையில் பத்து நிமிடம் விட்டு ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம். சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் திரும்ப அணைத்துவிடுங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்திருந்தால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி விளக்கும் அப்படித்தான். சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். பல வண்டிகளில் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற அதே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கும். கொதிக்கிற வண்டியின் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள், தயவுசெய்து. வெந்த கைகளைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல் ஓடுகிறவரை மெதுவாக ஒர்க்‌ஷாப் வரலாம். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்கிவிடும்.

அப்புறம் ஒன்று. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், இந்த விளக்குகள் எரிய வேண்டும். ஆயில் லைட் அப்போது எரியவில்லை என்றால் பல்போ வயரோ செத்துவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு விற்ற வண்டி என் கைக்கே வந்திருக்கிறது.