ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளம் எங்கே போகிறது?

"மாதக் கணக்கு எழுதிப் பார்த்தோம், ஒத்துவரவில்லை" என்று ஆலோசனைக்கு வருகிறவர்களின் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். வாடகை, மளிகை, பால், கேஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். டீச்செலவைக்கூட மறைக்காமல் எழுதியிருப்பார்கள். பள்ளிக் கட்டணம் மட்டும் இருக்காது, அது ஜூனில்தானே வரும் என்று விட்டிருப்பார்கள். தீபாவளித் துணி, குலதெய்வக் கோவில், சொந்தத்தில் செய்ய வேண்டிய சீர், வண்டி இன்சூரன்ஸ், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், இவற்றுக்கும் நோட்டில் இடம் இருக்காது. எல்லாமே வரும் என்று தெரிந்த செலவுகள். மாதாமாதம் வராததால் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகின்றன, வரும்போது நகை அடகுக்கடைக்குப் போகிறது.

திருப்பூரில் இதோடு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். வாடகையும் பள்ளி வேன் பணமும் மாதக் கணக்கு. சம்பளம் ஒரு கணக்கில், செலவு ஒரு கணக்கில் ஓடினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஒரு தம்பதியின் கணக்கைச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் கணவருக்குக் கட்டிங், அதாவது துணி வெட்டும் வேலை, மனைவிக்குச் செக்கிங், அதாவது தைத்ததைச் சரிபார்க்கும் வேலை. வேலை முழுசாக இருந்தால் இருவருக்கும் சேர்த்து வாரம் 9,000 ரூபாய். மாதம் 36,000 என்று நோட்டில் எழுதியிருந்தார்கள். ஆனால் வருடத்துக்கு 52 சனிக்கிழமை. மாதத்துக்கு நான்கு என்று எடுத்தால் 48 தான் ஆகிறது. பாக்கி நான்கு வாரச் சம்பளம், அதாவது இன்னொரு 36,000 ரூபாய், எழுத்திலேயே வரவில்லை. ஐந்து சனிக்கிழமை வந்த மாதங்களில் அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்டேன். "அந்த வாரம் கொஞ்சம் தாராளமா இருந்துச்சுங்க" என்றார் அவர். அதே வருடம் ஜூனில் பள்ளிக்காக மனைவியின் செயினை வைத்து 30,000 வாங்கியிருக்கிறார்கள், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 600, வருடத்துக்கு 7,200. இது கேட்கும்போது சின்ன வட்டியாகத் தெரிவதுதான் எனக்கு எப்போதும் வருத்தம். இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம்.

அவர்களை உட்காரவைத்து மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கு 36,000. தீபாவளி 15,000. மொய், சீர் 12,000. கரண்ட் பில் ஆறு தடவைக்கு 9,000. கோவில் திருவிழா 6,000. வண்டிக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 6,000. கூட்டினால் 84,000. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஐந்தாவது வாரச் சம்பளத்தைத் தொடாமல் எடுத்துவைத்தால் 36,000 அதிலேயே அடைந்துவிடும். பாக்கி 48,000. மாதம் 4,000, சனிக்கிழமைதோறும் ஆயிரம் ரூபாய். இது அவர்களால் முடிகிற தொகை.

2026-ல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வருகிறது. மே மாதத்துக்கு அடுத்து பள்ளி திறப்பு, அக்டோபருக்கு அடுத்து நவம்பர் 8 தீபாவளி. காலண்டரில் இந்த நான்கு மாதத்தையும் இப்போதே வட்டம் போட்டுவையுங்கள்.

ஆர்டர் குறைந்தால் வேலையும் குறையும், அது உண்மை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் வாரங்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது. அதனால்தான் போனஸை நான் இந்த 84,000 கணக்கில் சேர்ப்பதில்லை. வேலை இல்லாத வாரத்து அரிசிக்கும் வாடகைக்கும் அது இருக்கட்டும். போனஸை நம்பி முன்கூட்டியே தவணையில் டிவி எடுக்காதீர்கள்.

மாதாமாதம் கட்டித் தேவைக்கு எடுக்கும் முறை நம் பெண்களுக்குப் புதிதே இல்லை. தீபாவளிச் சீட்டு அதுதானே! மாதம் ஐநூறோ ஆயிரமோ கட்டி, ஐப்பசியில் பலகாரமும் பட்டாசும் வெள்ளிக் காசுமாக வாங்குகிறார்கள். அந்தப் பழக்கம் நல்லது, பணம் போகிற இடம்தான் பயமாக இருக்கிறது. தெருவில் பிடிக்கும் சீட்டுக்குப் பதிவு இருக்காது, நடத்துகிறவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் கையில் இருப்பது ஓர் அட்டை மட்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு.

அஞ்சலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு, நல்ல திட்டம்தான், ஆனால் ஐந்து வருடம் ஓடும், வருடச் செலவுக்குப் பொருந்தாது. மாதம் 4,000-ஐ வங்கியில் 12 மாத ஆர்.டி.யாகப் போட்டால் முழுத் தொகையும் வருடக் கடைசியில்தான் வரும், நடுவில் கரண்ட் பில்லுக்கு உதவாது. ஆகவே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். பல வீடுகளில் ஜன்தன் கணக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் இருந்தால் அது செயல்படாத கணக்காகியிருக்கும். ஆதாரை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்க் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரம், கொடுத்தால் திரும்ப உயிர்ப்பித்துத் தருவார்கள். அப்புறம் ஒன்று, அந்தக் கணக்கை மட்டும் போனில் ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள்.