தொங்கும் பிளேடுதான் சரியான பிளேடு

மன்னார்குடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அறிவியல் கண்காட்சிக்காக 1/72 அளவில் எம்ஐ-17 ஹெலிகாப்டர் மாடல் கிட் வாங்கினோம். பெட்டி மேலே உள்ள படத்தில் பிளேடுகள் நுனியில் தொங்குகின்றன. உள்ளே இருப்பவையோ நேராக இருக்கின்றன. எது சரி? கிட் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

தரையில் நிற்கும் ஹெலிகாப்டருக்குப் படம்தான் சரி. உள்ளே இருப்பவை அச்சில் வார்ப்பதற்கு வசதியாக நேராக்கப்பட்டவை.

தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளரும் டெல்டாப் பிள்ளைகள் போர்விமான கிட்தான் கேட்பார்கள். ஆள், மூட்டை, ஸ்ட்ரெச்சர் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்ததற்கே ஆசிரியைக்கு ஒரு சபாஷ். போர்விமானத்தில் சுவையான பாகமெல்லாம் தகட்டுக்குள் மறைந்துவிடும். ஹெலிகாப்டர் அதைத் தலைக்கு மேல் வெளியிலேயே வைத்திருக்கிறது.

முதலில் ஸ்கேலை எடுங்கள். எம்ஐ-17-இன் ரோட்டர், அதாவது தலைக்கு மேல் பிளேடுகளோடு சுழலும் பாகம்; அதன் விட்டம் 21.29 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 29.6 செ.மீ. பிளேடின் அகலம் 52 செ.மீ.; கிட்டில் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். ஐந்து பிளேடுகள். பலர் இதற்கப்புறம் ரிவெட்டையும் பேனல் கோட்டையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். நான் பிளேடுகள் வந்து சேரும் நடுப்பகுதிக்கு, ரோட்டர் தலைக்குப் போய்விடுவேன். அங்கே சோம்பேறித்தனம் செய்த கிட் மற்ற இடத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

பிளேடு ஏன் தொங்குகிறது? அது தலையோடு இறுக்கிப் பொருத்தப்படவில்லை, கதவுக்கு இருப்பது போன்ற கீலில் மாட்டியிருக்கிறது. நின்றிருக்கும்போது தன் எடையால் கீலில் கொஞ்சம் தாழ்ந்து, நீளவாக்கில் வளைந்தும் தொங்குகிறது. சுழன்றால் மையவிலக்கு விசை அதை வெளியே இழுத்து நிமிர்த்துகிறது. சரி, கீல் எதற்கு?

மேலிருந்து பார்த்தால் எம்ஐ-17-இன் ரோட்டர் கடிகாரச் சுற்றில், நிமிடத்துக்கு 192 முறை சுழல்கிறது. பிளேடு நுனியின் வேகம் விநாடிக்கு 214 மீட்டர். ஹெலிகாப்டர் மணிக்கு 220 கி.மீ.யில் போனால், இடப்பக்கம் முன்னோக்கி வரும் பிளேடு நுனி காற்றை விநாடிக்கு 275 மீட்டர் வேகத்தில் சந்திக்கும். வலப்பக்கம் பின்வாங்கும் நுனிக்கு 153 மீட்டர்தான். தூக்கு விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம் ஒன்றாகவே இருந்தால் நுனியில் ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல மூன்று மடங்கு தூக்கும். வண்டி பக்கவாட்டில் கவிழ வேறென்ன வேண்டும்? கீல் இருந்தால் அதிகம் தூக்கப்படும் பிளேடு மேலே எழும்பும். எழும்பும்போதே காற்றைச் சந்திக்கும் கோணம் குறைந்து, தூக்கு விசையும் குறையும். ஸ்பெயின் நாட்டு ஹுவான் தெ லா சியெர்வா 1923-இல் இந்தக் கீலை வைத்துத்தான் தன் ஆட்டோஜைரோவை (எதிர்க்காற்றிலேயே ரோட்டர் சுழலும் விமானம்) பறக்கவிட்டார்.

எனக்குப் பித்துப் பிடிக்க வைக்கும் பாகம் அதற்குக் கீழே இருக்கிறது: ஸ்வாஷ்பிளேட். தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள், நடுவே பேரிங். கீழ் வளையம் சுழலாது. விமானியின் லீவர்கள் அதைத்தான் பிடித்திருக்கின்றன. மேல் வளையம் ரோட்டரோடு சுழலும்; அதிலிருந்து பிளேடுக்கு ஒன்றாக ஐந்து கம்பிகள் மேலே போகின்றன. இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் ஐந்து பிளேடின் கோணமும் ஒரே அளவு கூடும்; ஹெலிகாப்டர் எழும்பும். சாய்த்தாலோ, ஒவ்வொரு பிளேடும் சுற்றின் ஓர் இடத்தில் கோணம் கூடி, எதிர்ப்பக்கத்தில் குறையும்.

முன்னே போக ரோட்டர் முன்பக்கம் தாழ வேண்டும். அப்படியானால் பிளேடு எங்கே வரும்போது கோணத்தைக் குறைப்பது? முன்பக்கம் வரும்போது என்று தோன்றும். இல்லை, இடப்பக்கம் வரும்போது! ஏறக்குறையக் கால் சுற்று முன்னாலேயே. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த இடத்தை வேகமாகக் கடக்கும்போது தள்ளுகிறோம். அது அதிக உயரம் தொடுவது கால் அலைவு கழித்து, ஓரத்தில். கீலில் ஆடும் பிளேடின் இயல்பு அதிர்வெண், அதைத் திருப்பி இழுப்பது மையவிலக்கு விசை என்பதால், சுழலும் அதிர்வெண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமமாக அமைந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் படிக்கும் ஒத்ததிர்வு இதுதான். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 0.31 விநாடி. அதற்குள் ஐந்து பிளேடுகளும் தனித்தனியே கோணம் குறைந்து, கூடி, தாழ்ந்து, எழுந்து முடிக்கின்றன. இதில் கணினி எதுவும் இல்லை. சாய்ந்த வளையமும் கம்பிகளும்தான்.

ஆகவே கிட்டில் பார்க்க வேண்டியது: இரண்டு வளையங்களும் தனியாகத் தெரிகின்றனவா, ஐந்து கம்பிகளும் உண்டா, பிளேடின் அடியில் கீல் செதுக்கப்பட்டிருக்கிறதா. பல கிட்களில் இந்த இடத்தில் ஒரு மொட்டை உருளை இருக்கும். பாதகமில்லை. மிச்சமான ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தி மேலே காட்டி, இளகியதும் இழுத்தால் மெல்லிய கம்பி கிடைக்கும். பிளேடுகளை வெந்நீரில் முக்கி மெதுவாக வளையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பறப்பது போல நிறுத்தப்போகிறீர்களா? அப்போது தொங்கக் கூடாது. நுனிகள் சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு. கண்காட்சியைத் திறந்துவைக்கப் பொன்னாடைக்குச் செலவழிப்போம், கிட்டுக்குப் பணம் கேட்டால் வீண்செலவு என்போம். நாட்டளவிலும் இதே கதைதான். காவிரி ஜெட் என்ஜின் திட்டத்துக்கு 1989-இல் ஒப்புதல் தந்தோம். பறக்கும் விமானத்தில் வைத்துச் சோதிக்க 2010-இல் அதை ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. என்ஜினுக்குப் பணம் ஒதுக்கினால் போதாது, சோதனைக்கூடத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. திட்டம் தடுமாறினால் நேரம் சரியில்லை என்று ஜாதகம் பார்ப்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

இன்னும் இரண்டு இடங்கள். பெட்டியில் இந்திய விமானப்படை என்று போட்டிருந்தால் மூக்கைப் பாருங்கள். நாம் முன்பு வாங்கிய எம்ஐ-17-க்கு உருண்டையான கண்ணாடி மூக்கு. எம்ஐ-17வி-5-க்கு டால்பின் மூக்கும், பின்னால் கீழே சாய்ந்து இறங்கும் ஒற்றைக் கதவும் உண்டு. டிகால் (மேலே ஒட்டும் அடையாளப் படம்) ஒன்றுக்கும் உடல் மற்றதற்குமாக இருந்தால் கிட் தேறாது.

அப்புறம் வால். பழைய எம்ஐ-8-இல் வால் ரோட்டர் வலப்பக்கம் இருந்து வாலைத் தள்ளியது. எம்ஐ-17-இல் அதை இடப்பக்கம் மாற்றினார்கள். அங்கிருந்து வாலை இழுக்கிறது. இரண்டிலும் வால் போக வேண்டிய திசை இடதுதான். பழைய எம்ஐ-8 கிட்டுக்குப் புதுப் பெட்டி போட்டிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். கடைசியாக, ஐந்து பிளேடிலும் தடித்த விளிம்பு கடிகாரச் சுற்றில் முன்னால் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பசை போடுங்கள்.