பங்குனி ஆமை ஆணா பெண்ணா என்பதை மணல் முடிவு செய்கிறது

பெசன்ட் நகர் கடற்கரையில் வேலி கட்டி, உள்ளே வரிசையாகக் குச்சி நட்டிருப்பதைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆமைதான் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போகிறதே, அதை ஏன் எடுத்து வேறு குழியில் புதைக்கிறார்கள்?"

உடனடிக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருநாய்கள் முட்டையைத் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பொரிந்த குஞ்சு, வெளிச்சமுள்ள பக்கம்தான் கடல் என்று நம்பித் தெருவிளக்கை நோக்கி ஏறும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை தன்னார்வலர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து, பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) தடம் பார்த்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான இந்த நடை 1988-லிருந்து மாணவர்களால் தொடர்கிறது.

முட்டையை இடம் மாற்றுவது பார்க்கும் அளவுக்கு எளிதான வேலை இல்லை. ஒரு கூட்டில் சுமார் 100 முதல் 120 முட்டைகள் இருக்கும். பிங்பாங் பந்து அளவு, தோல் போன்ற மெல்லிய ஓடு. தாயின் வயிற்றில் நின்றுபோயிருந்த கருவளர்ச்சி, முட்டை மணலில் விழுந்ததும் மீண்டும் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் கரு மேலே எழும்பி ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். எனவே விடிவதற்குள், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி, குலுக்காமல் எடுத்துவர வேண்டும். புதுக்குழி சுமார் 45 செ.மீ. ஆழம் இருக்கும். கழுத்து குறுகி அடி அகன்ற குடம் போல அதைத் தோண்டுவார்கள். காய்ந்த மணலாக இருந்தால் குழி சரியும், முட்டையும் வற்றும். தண்ணீர் தேங்கினால் மணல் துகள்களுக்கிடையே காற்று இல்லாமல் கருக்கள் மூச்சு முட்டிச் சாகும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் போதும்.

இனி, எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நமக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் ஆண், பெண்ணை முடிவு செய்கின்றன. கடலாமைக்கு அந்த ஏற்பாடே கிடையாது. முட்டை இடப்பட்டபோது உள்ளே இருப்பது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சுற்றியுள்ள மணலின் சூடுதான் அதை முடிவு செய்கிறது. ஊர்வனவற்றில் இப்படி நடப்பதை 1966-இல் செனகலின் டாக்கர் நகரில் மடலின் ஷார்னியே முதன்முதலில் ஒரு வகை ஓணானில் கண்டு சொன்னார்.

அடைகாலம் ஏறத்தாழ 50 நாள் என்றால், அதன் நடு மூன்றிலொரு பங்குதான் தீர்ப்பு நாட்கள். அப்போது மணல் 29, 30 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பெரும்பாலும் ஆண், அவ்வளவே கூடினால் பெரும்பாலும் பெண். 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் இரண்டும் இல்லை, கருவே பிழைக்காது.

சூடு எப்படி ஆண், பெண்ணை முடிவு செய்கிறது? கருவின் பாலுறுப்பு முதலில் இரு வழிக்கும் திறந்த ஒரு சிறு திசுமேடு மட்டுமே. சூடு கூடினால் அரோமட்டேஸ் என்ற நொதி பெருகி, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றி, அந்தத் திசுமேட்டைச் சூலகமாக வளர்க்கிறது. அதற்கும் முந்தைய படியைச் சிவப்புக்காது ஆமை என்ற நன்னீர் ஆமையில் கண்டுபிடித்தார்கள். 26 டிகிரியில் கேடிஎம்6பி என்ற ஜீன் விழித்து, விந்தகத்தை உருவாக்கும் இன்னொரு ஜீனின் பூட்டைத் திறக்கிறது. 2018-இல் அந்த ஜீனை அடக்கிப் பார்த்தபோது, அதே 26 டிகிரியிலும் பெரும்பாலான கருக்கள் பெண்பாதையில் வளர்ந்தன. வெப்பம் கூடும்போது செல்லுக்குள் கால்சியம் புகுந்து, ஒரு புரதம் வழியாகக் கேடிஎம்6பியைத் தூங்கவைக்கிறது என்பது 2020-இல் தெரியவந்தது. பகல் வெயிலைக் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் மொழிபெயர்க்கும் இந்த வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

45 செ.மீ. ஆழத்தில் பகல், இரவு வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே எட்டுவது வாரக்கணக்கில் சேர்ந்த சூடு. ஆகவே ஜனவரிக் கூடும் மார்ச் கூடும் ஒரே மாதிரிக் குஞ்சுகளைத் தருவதில்லை. சித்திரை நெருங்க நெருங்கப் பெண் கூடும். கடைசி வாரங்களில் கருக்களே வெப்பம் விடுவதால், விளிம்பு முட்டைகளைவிட நடு முட்டைகள் சற்றுக் கூடுதல் சூட்டில் இருக்கும்.

அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார் இதே கரையைப் பார்த்துப் பாடியது போல இருக்கிறது. அடும்புக் கொடி சிதைய இழுத்து, வெண்மணல் மேட்டோரம், சூல் நிறைந்த ஆமை மறைத்து ஈன்று புதைத்த 'கோட்டு வட்டு உருவின் புலவு நாறு முட்டை' என்கிறார். தந்த வட்டு போன்ற உருவம், புலால் வாடை என இரண்டும் அச்சு அசல். குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்பது மட்டும் பொருந்தாது. கடலாமையில் தாயும் தந்தையும் கூட்டுக்குத் திரும்புவதே இல்லை. இப்படி உற்றுப் பார்த்த மொழியில்தான் 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்ற பழமொழியும் வழங்குகிறது. அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

பொரிப்பகத்தில் வேலி எவ்வளவு முக்கியமோ, வெப்பமானியும் அவ்வளவு முக்கியம். குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பருவம் வந்து ஆணின் வால் நீளும்வரை பல ஆண்டுகள் ஆகும். குழிக்குள் இருந்த வெப்பப் பதிவுதான் நமக்கு எளிதாகக் கிடைக்கும் சான்று. தானாகப் பதியும் சிறு கருவி பெரிய செலவில்லை. பெரிய திட்டங்களுக்கு ஒதுக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு துளி இதற்கு வந்தால், தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஒவ்வொரு குழியின் கதையையும் எழுதி வைத்துவிடலாம். சூடு மிகுந்தால் தென்னங்கீற்று நிழல் போடலாம். ஆனால் எவ்வளவு நிழல் என்பதை அந்தப் பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதிகம் மூடினால் எல்லாமே ஆணாகிவிடும்.

பொரிந்த குஞ்சுகள் மேல்மணல் குளிரும்வரை அடியில் காத்திருந்து, இரவில் கூட்டமாக மேலே வரும். அவற்றைத் தண்ணீரில் கொண்டுபோய் விடாதீர்கள். சில மீட்டர் தள்ளி ஈர மணலில் விட்டு, டார்ச்சையும் செல்போன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். கடலின் மங்கலான ஒளியைப் பார்த்து அவை தாமாக நடந்து போகட்டும்.